அனுப்பியது போனது, படிக்கத்தான் ஆள் இல்லை

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்களுக்கு மெயில் அனுப்பிக் கொடுப்பதும் என் பிழைப்பில் ஒன்று. அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன்.

தம்பி விசைப்படகுக்காரன். ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்த்தபோது, ஆன்லைனில் புது ஜிபிஎஸ் வாங்கினோம். எங்கள் பக்கம் அது இல்லாமல் முடியாது. எல்லைக்கோடு தெரியாமல் அந்தப் பக்கம் போனால் படகும் போகும், ஆளும் உள்ளே போவான். மே 20 அன்று பெட்டி வந்தது. பேட்டரியில் மாட்டினால் திரை வெள்ளையாக எரிகிறது, அவ்வளவுதான்.

புகார் பதிந்தேன். மறுநாளே மெயில்: 'பில், சீரியல் எண், பழுதின் வீடியோவை 7 நாளுக்குள் அனுப்பவும்.' எங்கே அனுப்ப என்று இல்லை. ரிப்ளையைத் தட்டி எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். கேட்காமலே தம்பியின் ஆதார் நகலையும் சேர்த்தேன், முந்திரிக்கொட்டை. மெயில் திரும்பி வரவில்லை. சரி, போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

எட்டாம் நாள்: 'உங்களிடமிருந்து பதில் வராததால் புகார் முடிக்கப்பட்டது.'

போன் போட்டால் அந்தப் பெண் நிதானமாகச் சொல்கிறார்: "சார், அது நோ ரிப்ளை ஐடி. அதுக்கு வர்றத யாரும் பாக்க மாட்டாங்க." மெயிலின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில் அது எழுதியும் இருந்தது.

அந்த முகவரியில் மெயில் பெட்டியே இல்லையென்றால் 'மெயிலர் டேமன்' என்று திரும்பி வரும். அது நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். பெட்டி இருந்து, வருவதையெல்லாம் சத்தமில்லாமல் அழிக்கும்படி வைத்திருந்தால்தான் வினை. ஒழுங்கான கம்பெனி 'ரிப்ளை டூ' என்று வேறு முகவரி கொடுத்திருக்கும். ரிப்ளை தட்டியதும் பெறுநர் இடத்தில் அதுவே வந்து நிற்கும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

ஆதாரை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்காவில் 'டூநாட்ரிப்ளை டாட் காம்' என்ற பெயரைத் தனி ஆள் ஒருவர் வாங்கி வைத்திருந்தார். அதற்குச் சொந்தக்காரர் உண்டு என்று யோசிக்காமல் பல கம்பெனிகள் அதையே அனுப்புநர் முகவரியாகப் போட, அவர்களுக்குப் போக வேண்டிய பதில்கள் அவர் பெட்டியில் போய் விழுந்தன. 2008இல் செய்தியாகவே வந்தது.

ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது 2020 மின்வணிக விதி. அந்த அதிகாரியின் முகவரியைத் தேடிப் பிடித்து நான் எழுதியது ஜூன் தொடக்கத்தில். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். பணம் ஜூலையில் வந்தது. தம்பி ஜூன் 15 அன்று இரவல் ஜிபிஎஸ்ஸோடுதான் கடலுக்குப் போனான்.

போன வாரம் அதே நோ ரிப்ளை முகவரியிலிருந்து ஒரு மெயில்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?