'வடக்கு அனுமதிக் கட்டணம்': வன்னிக்குத் தனியாக வருவோர் கவனத்துக்கு

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ போவதற்கு இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டும், அதை எடுத்துத் தருவதற்குக் கட்டணம் உண்டு என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், அவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அந்த நடைமுறை 2015 ஜனவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இல்லாத அந்த நடைமுறையின் பெயரால் என்னிடம் 60 யூரோ வாங்கினார்கள். அதன் பின்னர் வாகனம், தங்குமிடம், ரயில் சீட்டு என்று ஒவ்வொன்றிலும் கை வைத்தார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பயண ஏற்பாட்டாளரின் பெயரையோ விடுதியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஏமாற்றும் முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன். பெயர் மாறினாலும் முறை மாறாது என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

நான் ஜேர்மனியில் வசிப்பவள். பிறந்து வளர்ந்தது விசுவமடுப் பக்கம். அலுவலக வேலையாகக் கொழும்புக்கு வரவேண்டியிருந்ததால், அதையொட்டி வந்த வார இறுதியைக் கிளிநொச்சியில் கழித்து, அங்கிருந்து முல்லைத்தீவு வரை ஒருமுறை போய்வர விரும்பினேன். உறவினர் வீடுகள் இல்லாமல் இல்லை. அங்கே இறங்கினால் விருந்துக்கும் விசாரிப்புக்குமே பொழுது போதாது என்பதால், ஒரு விடுதியில் தங்கி என் போக்கில் ஊரைச் சுற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணை நம்மவர்கள் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை வைத்தே பணம் பண்ண முடியும் என்பதை இந்த ஏற்பாட்டாளர் நன்றாக அறிந்து வைத்திருந்தார்.

புலம்பெயர்ந்தோரைக் குறிவைத்து நடத்தப்படும் ஒரு முகநூல் பக்கத்தின் மூலம் அவர் அறிமுகமானார். இரணைமடுக் குளக்கட்டு, வற்றாப்பளை அம்மன் கோவில், முல்லைத்தீவுக் கடற்கரை என்று அழகான படங்கள் இருந்தன. பேச்சும் மிகப் பணிவாக இருந்தது. ரயில் சீட்டு, தங்குமிடம், ஒருநாள் வாகனம் ஆகியவற்றுக்கு யூரோவில் ஒரு தொகை பேசி, அதில் பாதியை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு முற்பணமாக அனுப்பினேன். அனுமதி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. “அக்கா, நீங்கள் பொம்பிளைப் பிள்ளை, தனிய வாறீங்கள். உங்கட ஈ.ரீ.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) கொழும்புப் பக்கத்துக்குத்தான் செல்லும். வடக்குக்கு டிஃபென்ஸ் பெர்மிஷன் வேற எடுக்கோணும். வழியில மறிச்சாங்களெண்டால் நாங்கள் பொறுப்பில்லை” என்று குரல்பதிவு அனுப்பினார். அப்படி ஒன்று இப்போது இருப்பதாகத் தெரியவில்லையே என்று நான் எழுதியதற்கு, அனுமதி இல்லாமல் வாகனம் அனுப்ப முடியாது, முற்பணத்தையும் திருப்பித் தர முடியாது என்று பதில் வந்தது. விடுப்பும் விமானச்சீட்டும் உறுதியாகிவிட்ட நிலையில், எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பணத்தைச் செலுத்தினேன்.

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம், அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான். போர் முடிந்த பின்னரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. இடையில் தளர்த்தப்பட்ட அந்தக் கட்டுப்பாடு 2014 ஒக்டோபரில் மீண்டும் கொண்டுவரப்பட்டது; அந்த நாட்களில் ஓமந்தைச் சோதனைச் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் புலம்பெயர்ந்த தமிழர்களும் உண்டு. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது விலக்கப்பட்டது. ஓமந்தையில் கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கும், அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும், “பெர்மிஷன்” என்ற சொல்லே போதும். மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். இன்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பெறும் மின்னணுப் பயண அனுமதி, அதாவது அந்த ஈ.ரீ.ஏ., கொழும்புக்கு எவ்வளவு செல்லுபடியாகுமோ அவ்வளவு முல்லைத்தீவுக்கும் செல்லுபடியாகும்.

எனக்கு அனுப்பப்பட்ட 'அனுமதிப் பத்திரம்' அரச இலச்சினை பொறித்த ஆங்கிலக் கடிதம். அதில் கோப்பு இலக்கம் இல்லை, கையொப்பமிட்டவரின் பதவி இல்லை, என் கடவுச்சீட்டு இலக்கத்தில் ஓர் எண் பிழையாக இருந்தது. ரயிலிலோ வழியிலோ எவரும் அதைக் கேட்கவில்லை. கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, “பிள்ளை, இப்பிடி ஒரு கடுதாசி இப்ப ஒருத்தரும் குடுக்கிறேல்லை. இதை எறிஞ்சு போடாமல் பத்திரமா வைச்சிரு, பொலிஸில குடுக்க உதவும்” என்றார். அந்த அறிவுரைதான் பின்னர் எனக்குக் கைகொடுத்தது.

அடுத்தது வாகனம். இதில் நடந்த கணக்கு விளையாட்டு, அனுமதிக் கதையைவிட அதிகம் பேரைப் பாதிக்கக்கூடியது என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். முதல் 100 கிலோமீற்றர் பேசிய தொகைக்குள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் கட்டணம் என்பது உடன்பாடு. கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்திக்குப் போய், ஏ-35 வீதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முல்லைத்தீவுக்குச் சென்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் ஊடாக மாங்குளத்தில் ஏ-9 வீதியைப் பிடித்து மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தால், முழுச் சுற்றும் ஏறக்குறைய 135 கிலோமீற்றர்தான் வரும். என் பட்டியலில் 290 என்று எழுதியிருந்தது. காரணம் கேட்டபோது, வான் யாழ்ப்பாணத்துக் கராஜிலிருந்து புறப்பட்டதாகவும், புறப்பட்ட இடத்திலிருந்து திரும்பிச் சேரும் வரை கணக்கிடுவதே வழக்கம் என்றும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே சுமார் 65 கிலோமீற்றர். போகவும் வரவும் 130 என்று வைத்தாலும் 265 தான் ஆகிறது. மிச்சத்துக்கு “உள்வீதி ஓட்டம்” என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் இறங்கிய உள்வீதி, வற்றாப்பளைக் கோவிலுக்குத் திரும்பும் வழி மட்டுமே.

கராஜிலிருந்து கராஜ் வரை கணக்கிடும் வழக்கம் ஹயர் (வாடகை) ஓட்டங்களில் உண்மையிலேயே உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளிநொச்சியில் வாகனம் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வாகனத்தை வரவழைப்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு அருகிலேயே ஹயர் வான்களும் ஓட்டோக்களும் நிற்கின்றன. மறுநாள் அங்கே ஓர் ஓட்டோக்காரத் தம்பியிடம் பேசி இரணைமடுவுக்குப் போய்வந்தேன். ஏறுவதற்கு முன் சொன்ன தொகையைத்தான் இறங்கும்போதும் வாங்கினார். குளக்கட்டில் நான் நெடுநேரம் நின்றதற்குக் காத்திருப்புக் கட்டணம் என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

பட்டியலில் “பெண் பயணிக்கான பாதுகாப்புத் துணை” என்று 25 யூரோ தனியாக இருந்தது. சாரதிக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்த ஓர் இளைஞர்தான் அந்தத் துணை. புதுக்குடியிருப்பு வரை உறங்கினார். முல்லைத்தீவில் என் செலவில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். மாங்குளத்தில் தன் சொந்த அலுவலுக்காக வாகனத்தை நிறுத்தச் செய்தார். இந்த ஓட்டம் முழுவதிலும் எனக்குத் தொந்தரவாக இருந்த ஒரே மனிதர் அவர்தான். சுற்றுலா வழிகாட்டி என்று ஒருவரை உங்களுடன் அனுப்பிக் கட்டணம் கேட்டால், இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழங்கிய வழிகாட்டி அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. படத்தில் காட்டிய அறை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு திருமண மண்டபத்தின் மேல்மாடியில், மின்பிறப்பாக்கியின் பக்கமாக இருந்த அறை. அன்றிரவு கீழே ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. மணமக்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. நல்ல பாட்டுகளாகத்தான் போட்டார்கள். குளிரூட்டிக்குத் தனிக் கட்டணம் என்று அறைக்குள் போன பிறகு சொன்னார்கள்.

ஆனால் இரண்டு விடயங்களை விட்டுவிட முடியாது. முதலாவது, பதிவு செய்வதற்கென்று வாங்கிய கடவுச்சீட்டை, கணக்கு முடியும் வரை தங்களிடமே இருக்கும் என்று முகாமையாளர் இழுப்பறைக்குள் வைத்தார். விபரங்களைப் பதிவு செய்யலாம், பிரதி எடுக்கலாம்; ஜேர்மன் கடவுச்சீட்டு அந்நாட்டுச் சட்டப்படி அந்த அரசின் உடைமை, அதைப் பிணையாக வைக்கும் உரிமை எனக்கே கிடையாது என்று சொல்லி அங்கேயே நின்று திருப்பி வாங்கினேன். இரண்டாவது, இறுதிப் பட்டியலில் 10 வீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 18 வீத வற் வரியும் (பெறுமதி சேர் வரி) சேர்த்திருந்தார்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம் என்பது சரி. ஆயினும் வரிக்குப் பதிவு செய்த நிறுவனம் மட்டுமே அதை வாடிக்கையாளரிடம் அறவிடலாம். பதிவு செய்திருந்தால் அதற்கென ஓர் இலக்கம் இருக்கும். பட்டியலில் அந்த இலக்கம் இல்லை. எங்கே என்று கேட்டதும், விவாதமே இல்லாமல் வரியைப் பேனையால் வெட்டிவிட்டார்கள். கேட்காமல் செலுத்திவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ.

ரயில் சீட்டுக்கு 30 யூரோ எடுத்திருந்தார்கள். யாழ்தேவியில் ஏறியபின் சீட்டைப் பார்த்தால், அதில் அச்சிட்டிருந்த விலையின் மூன்று மடங்குக்கும் மேல் அந்தத் தொகை. ரயில்வே திணைக்களத்தின் முன்பதிவுத் தளத்தில் 30 நாட்களுக்கு முன்பிருந்தே ஆசனம் பதிவு செய்யலாம். வெளிநாட்டு வங்கி அட்டையிலும் செலுத்த முடிகிறது. நீண்ட விடுமுறைகளின்போது ஆசனம் விரைவில் முடிந்துவிடும் என்பது மட்டுமே சிக்கல். அப்படி முடிந்துவிட்டாலும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் 87ஆம் இலக்க பஸ்கள் ஏ-9 வழியாகக் கிளிநொச்சியைத் தாண்டித்தான் போகின்றன.

பணத்தைத் திரும்பப் பெற எடுத்த முயற்சியையும் சொல்ல வேண்டும். முதலில் ஏற்பாட்டாளரிடம் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமை. “எல்லாம் நம்பிக்கையில செய்யிறது அக்கா, எங்கட ஆக்களுக்குள்ள என்ன பில்லு” என்றார். அதற்குப் பிறகு, அவருடைய குரல்பதிவு, வங்கிப் பரிமாற்றச் சான்று, போலி அனுமதிக் கடிதம், வாகனப் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யப்போவதாக எழுதினேன். அன்று மாலையே 60 யூரோவுக்குச் சமமான ரூபாய் என் உறவினர் ஒருவரின் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அரச இலச்சினையுடன் போலிக் கடிதம் தயாரித்தது எவ்வளவு பாரதூரமானது என்பது அவருக்கும் விளங்கியிருக்கிறது. பணம் வந்தாலும் முறைப்பாட்டை நான் கைவிடவில்லை. வாகனத்துக்கும் துணைக்கும் ரயில் சீட்டுக்கும் கூடுதலாக எடுத்த தொகை இன்னும் வரவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள், நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே முறைப்பாட்டைப் பதிவு செய்து அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உதவி இலக்கம் 1912. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. தமிழில் எழுதியே கொடுக்கலாம். ஏற்பாட்டாளருடன் பேசுவதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரல்பதிவு வந்தால் அழிக்காதீர்கள். வாகனம் எந்த ஊரிலிருந்து வருகிறது, கிலோமீற்றர் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, சாரதியின் சாப்பாடும் பட்டாவும் யாருடையவை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுத்தில் வரும் வரை முற்பணம் அனுப்பாதீர்கள்.

நான் குறிப்பிட்ட முகநூல் பக்கம் இப்போது வேறொரு பெயரில் இயங்குகிறது. படங்கள் அதே படங்கள். வங்கிக் கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. அண்மையில் கனடாவிலிருந்து வரவிருந்த ஒருவருக்கு அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். அதில் “வடக்கு அனுமதிக் கட்டணம்” என்ற வரி 75 யூரோவாக உயர்ந்திருந்தது.