கோமாதாரே: கையால் அரைத்த எள்ளா, புட்டி விழுதா, தஹினியா?

ஒசாகாவின் சுயேஹிரோ உணவகம் 1952ஆம் ஆண்டு ‘ஷாபு ஷாபு’ என்று பெயரிட்ட கொதிகலச் சாப்பாட்டில், கொம்பு என்னும் கடற்பாசி ஊறிய வெந்நீரில் மெல்லிய இறைச்சித் துண்டைச் சில நொடிகள் அலசி எடுப்பதோடு சமையல் முடிந்துவிடுகிறது. அந்த நீரில் உப்பும் உறைப்பும் ஏறக்குறைய இல்லை என்பதால், சுவையின் முழுப் பொறுப்பும் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தின் மீதே விழுகிறது. காய்கறிக்குப் புளிப்பான பொன்ஸுவும் இறைச்சிக்கு எள் தொடுகுழம்பான கோமாதாரேயும் பெரும்பாலோர் வழக்கம். இந்த இரண்டாவதை வீட்டில் செய்யும்போது எழும் கேள்வி, எள்ளை எந்த வடிவில் எடுப்பது என்பதுதான்.

பழைய வழி, வறுத்த வெள்ளை எள்ளைச் சுரிபாச்சியில் அரைப்பது. உட்புறம் முழுவதும் வரிவரியாகக் கீறப்பட்ட இந்த மண் கிண்ணத்தில் மரக்குழவியைச் சுழற்றும்போது, எள் நசுங்காமல் கீறல்களில் உராய்ந்து உடைகிறது. மணத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆயினும் கையால் எவ்வளவு அரைத்தாலும் திப்பி மிஞ்சுவதால், குழம்பு இறைச்சியில் ஒட்டாமல் கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது. மிக்ஸியில் அரைப்போர், எள் ஆறிய பின் விட்டுவிட்டு ஓட்டுவது நல்லது.

நெரிகோமா என்று புட்டியில் விற்கப்படும் ஜப்பானிய எள் விழுது இதற்கு நேர்மாறானது: வழவழப்பும் கனமும் தாராளம், ஆனால் புட்டியைத் திறந்து நாளானால் மணம் குறைந்துவிடும். எள்ளின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய் என்பதால் அது மேலே மிதந்து அடியில் விழுது இறுகியிருக்கும். அடிவரை கிளறாமல் மேலாக அள்ளினால் எண்ணெய்க் குழம்புதான் கிடைக்கும்.

எளிதாகக் கிடைக்கிறது என்று மேற்காசிய எள் விழுதான தஹினியை வாங்குவோர் உண்டு. தோல் நீக்கி, இலேசாக மட்டுமே வறுத்து அரைப்பதால் அது வெளிறிய நிறமும் சற்றே கசப்பும் கொண்டது. கறுக வறுத்த சீன எள் விழுதோ எதிர்முனையில் நின்று, சோயா சாஸின் நயத்தை அமுக்கிவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நான் தஹினியையே எடுப்பேன். குறைவான வறுவலைச் சில துளி வறுத்த எள்ளின் எண்ணெயால் ஈடுசெய்யலாம், மிகையான வறுவலைத் திரும்பப் பெற முடியாது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது என்பதால், அது இந்த வேலைக்கு உதவாது.

என் தேர்வு இரண்டையும் கலப்பது: கனத்துக்கு நெரிகோமா, மணத்துக்குக் கையால் அரைத்த எள். மூன்று பேருக்கு, 4 மேசைக்கரண்டி விழுதுடன் 2 மேசைக்கரண்டி அரைத்த எள், 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி அரிசி வினிகர், 2 தேக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி மிசோ (புளித்த சோயா விழுது), 1 மேசைக்கரண்டி மிரின் (இனிப்பான அரிசி மது) ஆகியவை போதும். மிரினில் சுமார் 14 விழுக்காடு மதுச்சாரம் இருப்பதாலும் இந்தக் குழம்பு அடுப்பேறாது என்பதாலும், அதை மட்டும் முன்பே கொதிக்கவிட்டு ஆற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த விழுதானாலும் தவறு நேரும் இடம் ஒன்றே. முதல் கரண்டி நீர் பட்டதும் விழுது இளகுவதற்குப் பதிலாகக் களிபோல் இறுகும். கெட்டுவிட்டதென்று அஞ்சி எண்ணெய் ஊற்றாமல், ஆறிய தாஷியை (ஜப்பானியச் சாறு) கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் குழைத்தால், ஒரு கட்டத்தில் சட்டென்று நெகிழ்ந்து பாலாடை நிறத்துக்கு மாறும். 4 அல்லது 5 மேசைக்கரண்டியில் நிறுத்திவிடுவது நல்லது. கலத்திலிருந்து வரும் ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் நீரைக் கொண்டுவருமாதலால், தொடக்கத்தில் சற்றுக் கெட்டியாகத் தோன்றும் குழம்பே பாதிச் சாப்பாட்டில் சரியான பதத்துக்கு வந்து நிற்கும்.