பார்மசி டெக்னீஷியன் ஆன்லைன் கோர்ஸ்: கணக்குப் பாடம் அருமை, லைசென்ஸ் விஷயத்தில் கோட்டை விட்டார்கள்

அமெரிக்காவில் பார்மசி டெக்னீஷியன், அதாவது மருந்தாளருக்கு உதவும் பணியாளர், சான்றிதழுக்காக பிடிசிபி என்ற தேசிய அமைப்பு நடத்தும் தேர்வுக்குத் தயார் செய்யும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கணக்குப் பகுதிக்காகவே காசு கொடுக்கலாம். 70% கரைசலையும் 20% கரைசலையும் எந்த விகிதத்தில் கலந்தால் 50% வரும் என்று கேட்டால் முழிக்காமல் 3:2 என்று சொல்லும் அளவுக்கு, அலிகேஷன் முறையைப் படம் போட்டு, அவசரப்படாமல், திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். ஹைட்ராக்ஸிசின், ஹைட்ராலசின் மாதிரி பெயர் குழப்பும் மருந்துகளுக்குத் தனிப் பயிற்சியே உண்டு. ஒன்று அரிப்புக்கு, இன்னொன்று ரத்த அழுத்தத்துக்கு, மாறிப்போனால் நோயாளியின் கதி என்ன? இதில் அவர்கள் காட்டும் அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சட்டப் பகுதி சுமார். ஷெட்யூல் 2 மருந்துக்கு, அதாவது அடிமையாக்கும் ஆபத்து அதிகம் என்பதால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு, ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) கிடையாது என்பதையே ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

பெரிய குறை வேறு. சர்ட்டிஃபிகேஷன் என்பது தேசிய அளவில் தேர்வு எழுதி வாங்குவது, லைசென்ஸோ பதிவோ அந்தந்த மாநில பார்மசி போர்டு கொடுப்பது, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்த அடிப்படையையே சொல்லாமல் கோர்ஸ் முடித்தால் வேலைக்குத் தயார் என்று விளம்பரம் செய்வது, காசைச் சேர்த்து வைத்துப் படிக்க வருகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். முதலில் உங்கள் மாநில போர்டின் விதிகளைப் படியுங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள். சான்றிதழை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 20 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பதும் பாடத்தில் எங்கேயும் இல்லை.