டிராவல் டிரெய்லர்: விளம்பர எடை வேறு, சாலை எடை வேறு

டிராவல் டிரெய்லர் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. அதை வாங்கும்போது விளம்பரத்தில் போடும் வெற்று எடையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்க டிரெய்லர்களில் கதவருகே மஞ்சள் லேபிள் இருக்கும். அந்த வண்டி தாங்கும் சுமை அதில்தான் தெரியும். 400 கிலோ என்றால் தாராளமாகத் தோன்றும். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ போய்விடும். பிறகு மாட்டிய பேட்டரி, சோலார் பேனல், படுக்கை, பாத்திரம், கருவிகள் மிச்சத்தைத் தின்றுவிடும். நால்வர் குடும்பத்துக்கு இது போதாமல் போகலாம். மீறினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். அந்தச் சுமை இழுக்கும் வண்டியின் கணக்கிலும் சேரும். சாமான் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.