சிங்தாவில் கடைசி நாளன்று மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

சீனாவின் ஷான்தோங் மாகாணத்துக் கடற்கரை நகரமான சிங்தாவை மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளம்ப வேண்டிய நாளன்று மாலையில் ஒரு கடலுணவுக் கடையில் நானும் என் மனைவியும் நன்றாக ஏமாந்தோம். போன பணம் போகட்டும். அன்று எங்களிடம் இரண்டு பேர் கேட்ட ஒரே கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலைப்பொழுதில் ஒரு குறையும் இல்லை. 1892-இல் கட்டத் தொடங்கப்பட்டு, இன்று கடலுக்குள் 440 மீட்டர் நீண்டிருக்கும் சான்ச்சியாவ் படகுத்துறையில் நடந்து, அதன் முனையிலுள்ள எண்கோண மண்டபத்தைப் பார்த்தோம். சிங்தாவ் பீர் புட்டியில் ஒட்டியிருக்கும் படம் அந்த மண்டபம்தான். பிறகு ஜெர்மானியர் காலத்துச் சிவப்பு ஓட்டு வீடுகளுக்கு நடுவே, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்குப் போனோம். மதியம் ஒரு தெருமுனையில், பிளாஸ்டிக் பையில் பிடித்து எடைபோட்டுக் கொடுத்த பீரை ஸ்ட்ரா போட்டுக் குடித்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

விடுதியில் எழுதிக் கொடுத்த ஒரு கடையின் பெயரை டாக்சி ஓட்டுநரிடம் காட்டினோம். அவர் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் பேசி, "எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். இன்றிரவு ஒன்பது மணிக்கு விமானம் என்று வெள்ளந்தியாகச் சொன்னோம். உடனே, நாங்கள் கேட்ட கடை இன்று விடுமுறை என்றும், அதைவிட நல்ல கடை ஒன்று தமக்குத் தெரியும் என்றும் சொல்லி, வேறொரு தெருவில் கொண்டுபோய் இறக்கினார். இறக்கிவிட்டுப் போகாமல் எங்களுக்கு முன்பாகவே உள்ளே நுழைந்து, கல்லாவில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த அம்மாளும் சிரித்த முகத்துடன் அதே கேள்வியைக் கேட்டார். நாங்களும் அதே பதிலைச் சொன்னோம்.

வாசலில் கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு தொட்டியில் 48 என்று எழுதிய அட்டை ஒட்டியிருந்தது. சீனாவில் மீன், காய்கறி எல்லாவற்றையும் ஜின் கணக்கில் விற்பார்கள். ஒரு ஜின் என்பது 500 கிராம். மூன்று நாளாகக் கடைகளில் அந்தக் கணக்கைப் பார்த்துப் பழகியிருந்ததால், 48 யுவான் ஒரு ஜின்னுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். பையன் ஒரு மீனை வலையில் அள்ளி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடையோடு தராசில் வைத்தான், 2.4 ஜின் காட்டியது. கூடையின் எடையைக் கழித்தானா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எப்படியும் 115 யுவானுக்குச் சற்று மேல் வரும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

மீனும், சிப்பியும், கீரையும், சோறும் சாப்பிட்டு முடித்தபின் வந்த ரசீதில் 1,252 யுவான் என்று இருந்தது. மீனுக்கு மட்டும் 1,152. விலை ஜின்னுக்கு அல்ல, லியாங்குக்காம். ஒரு லியாங் வெறும் 50 கிராம். ஜின் என்ற எழுத்து நான்கே கோடுகள்; லியாங் என்ற எழுத்தோ ஒரு பெட்டிக்குள் இரண்டு பேர் நிற்பது போலிருக்கும். அட்டையில் 48 என்ற எண் என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அந்தப் பெட்டி எழுத்து என் சுண்டுவிரல் நகத்தளவுதான். வாதாடிக்கொண்டிருந்தபோது கதவருகே இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்கள் எங்களைத் தொடவுமில்லை, திட்டவுமில்லை. ஒருவர் சுவர்க் கடிகாரத்தை மட்டும் திரும்பிப் பார்த்தார். அப்போது மணி ஐந்தரை. 2021-இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையமோ நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. பேரம் பேசி 900 யுவானுக்கு இறக்கி, மேசையில் இருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. 2015 அக்டோபர் விடுமுறையில் இதே சிங்தாவில், 38 யுவான் என்று போட்டிருந்த இறால் தட்டுக்கு, அது ஒரு இறாலின் விலை என்று சொல்லி 1,500 யுவானுக்கு மேல் பணம் கேட்டார்கள். நாடு முழுவதும் அது பேச்சாகி, அந்தக் கடைக்கு 90,000 யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. அங்கேயாவது, மாட்டிக்கொண்டவர்கள் சீனர்கள்; போலீசை அழைத்துச் சண்டை போட முடிந்தது. இரவு விமானத்துக்கு ஓடுகிற வெளிநாட்டுக்காரரால் மறுநாள் எந்த அலுவலகத்துக்குப் போக முடியும்? அந்தக் கேள்வியைக் கேட்பதே அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். இனி யார் கேட்டாலும் "இன்னும் ஒரு வாரம் இருப்போம்" என்றுதான் சொல்லப்போகிறேன். எடைபோட்டதும், சமைக்கக் கொடுக்குமுன், மீனின் மொத்த விலையைக் காகிதத்தில் எழுதி வாங்குவதும், பணம் கட்டுமுன் ஃபாபியாவ் எனப்படும் வரி ரசீதைக் கேட்பதும் இதோடு சேர்ந்தவை.

விமான நிலையத்திலிருந்து விடுதி வரவேற்பறைப் பெண்ணை அழைத்தோம். அவர் எங்களுக்காக 12345 என்ற நகராட்சிப் புகார் எண்ணில் பேசினார். ஃபாபியாவ் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. பணம் போன கணக்கைப் பார்த்தால், அதில் கடைப் பெயரே இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் இருக்கிறது. விலை அட்டையின் படமாவது உண்டா என்றார்கள். ஒன்றே ஒன்று இருந்தது: தொட்டியின் முன்னால் சிரித்தபடி நிற்கும் என் மனைவியின் படம். 48 என்ற எண் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதற்கடுத்த எழுத்தை அவளுடைய தோள் மறைத்திருக்கிறது.