தேங்காய் மட்டைச் சில்லா, நார்த்தூளா? பாம்புத் தொட்டியில் எதைப் பரப்புவது

சட்டை சரியாக உரிந்தால் மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டாகக் கிடக்கும், கழற்றி எறிந்த காலுறை மாதிரி உட்புறம் வெளியே புரண்டு. என் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) முதல் முறை உரித்தபோது கிடைத்தது வெங்காயச் சருகு போல ஏழெட்டுத் துண்டு. இடது கண்ணின் மேல்தோல் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் அப்போது இருந்தது ஆஸ்பென் மரச்சீவல்.

ஆஸ்பென் மோசமான பொருள் இல்லை. தூசி குறைவு, பாம்பு குடைந்த சுரங்கம் இடியாமல் நிற்கும். 40–60 சதவீத ஈரப்பதம் போதும் என்கிற கார்ன் ஸ்னேக்குக்கு அதுவே நல்ல தேர்வு. பால் பைத்தானுக்கோ 60–80 வேண்டும், குறைந்தால் சட்டை இப்படித்தான் துண்டு துண்டாக உரியும். அந்த அளவை எட்ட ஆஸ்பெனை நனைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பூத்துவிடும்.

ஆக, உண்மையான போட்டி தேங்காய் மட்டையிலிருந்து வரும் இரண்டுக்கும்தான்: நார்த்தூள், மட்டைச் சில்லு. ஒரே மட்டைதான், குணம் வேறு.

நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். கட்டியை வெந்நீரில் போட்டால் அரை மணியில் ஊதிப் பெருகிவிடும். இழப்பதும் மெதுவாகத்தான். தொல்லை அதன் பொடித்தன்மை. நனைந்தால் சேறு, காய்ந்தால் புழுதி. தண்ணீர்க் கிண்ணத்தில் பாம்பு ஒருமுறை இறங்கி ஏறினால் கிண்ணம் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். உதட்டோரத்து வெப்பக்குழிகளில் தூள் அப்பியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்கென விற்கும் தூளை வாங்கினால் உரம் கலந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கலந்திருந்தால் வேண்டாம்.

மட்டைச் சில்லு தண்ணீரை அவ்வளவு பிடிக்காது. ஆனால் சில்லுகளுக்கு நடுவே காற்று ஓடுவதால் மேல்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிடும், அடியில் ஈரம் தங்கும். எனக்கு இதுதான் முக்கியமாகப்பட்டது. எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது என்பதைவிட, பாம்பின் வயிறு படும் இடம் உலர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. வயிற்றுச் செதில்கள் நாள் கணக்கில் ஈரத்தில் கிடந்தால் சிவந்து, கொப்புளம் கண்டு, அழுக ஆரம்பிக்கும். சில்லில் ஒரே கவலை, இரையோடு சேர்த்து ஒன்றை விழுங்கிவிடலாம். இடுக்கியில் கொடுத்தால் அந்தப் பயம் பெருமளவு குறையும்.

சைப்ரஸ் மரச்சில்லும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும், எளிதில் மக்காது. நல்ல சரக்கு கிடைத்தால் தாராளமாகப் போடலாம். மூட்டையில் வேறு மரம் கலந்திருந்தால்தான் வம்பு. தேவதாரு வகையான சீடர் கூடவே கூடாது. அதன் மணமே ஆவியாகும் எண்ணெயிலிருந்து வருவது, அது பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது.

ஸ்பாக்னம் பாசி தண்ணீர் பிடிப்பதில் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அதனாலேயே தொட்டி முழுக்கப் பரப்பக் கூடாது, வயிறு நனைந்தே கிடக்கும். ஒரு மூடிய டப்பாவில் துளை போட்டு, பிழிந்த பாசியை உள்ளே வைத்துவிடுங்கள். சட்டை உரிக்கும் முன் கண் பால் பூத்ததுபோல் மங்கும் நாட்களில் பாம்பு தானாகவே அதற்குள் போய்ச் சுருண்டுகொள்ளும்.

மண், மணல், நார்த்தூள் கலந்து, கழிவைத் தின்னும் சிறு பூச்சிகளையும் விட்டு வளர்க்கும் உயிர்ப்படுகை அழகுதான். அனுபவப்பட்டவர்களுக்கு. புதிதாக வந்த பாம்புக்கும் நோயாளிப் பாம்புக்கும் வெறும் தாள் போதும், உண்ணியும் கழிவும் உடனே கண்ணில் படும்.

இப்போது என் தொட்டியில் இருப்பது சில்லு இரண்டு பங்கு, தூள் ஒரு பங்கு, 8 செ.மீ. ஆழம். கைப்பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டினால் அதிகம். தண்ணீரை மேலே தெளிப்பதில்லை. தெளித்தால் ஈரப்பத மீட்டர் ஒரு மணி நேரம் 90 காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், நனைவது மேல்பரப்பு மட்டும். நான்கு மூலையிலும் மெதுவாக ஊற்றினால் தண்ணீர் நேரே அடிக்குப் போய்விடும். இவ்வளவு ஆழம் போட்டால் தொட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) சரிவராது. சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும், குடைந்து போகும் பாம்பு சுட்டுக்கொள்ளும். சூட்டை மேலிருந்து கொடுங்கள்.

மேல்மூடி முழுக்கக் கம்பிவலையாக இருந்தால் எந்தப் படுகையும் கைகொடுக்காது. முக்கால் பங்கை மூடிவிட்டு, மீட்டரின் உணரியைப் பாம்பு படுக்கும் உயரத்தில், குளிர்ந்த பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடான பக்கத்தில் அதே காற்று எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பித்தான் நான் ஒரு மாதம் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.