மேற்கோளா, பகிர்வா? ஆய்வின் பயனை எதைக் கொண்டு காட்டுவது

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுச் சித்தூருக்கும் நடுவிலுள்ள தோப்புகளில் தென்னை வேர்வாடல் நோயை ஆராய்கிறோம். இந்த முறை நிதிக்கு விண்ணப்பிக்கையில், எங்கள் கட்டுரைகளால் விளைந்த பயனைக் காட்டச் சொன்னார்கள். பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எங்களைச் சான்றாகக் குறிப்பிட்ட மேற்கோள் எண்ணிக்கையா, சமூக ஊடகப் பகிர்வுகளைக் கணக்கிடும் ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண்ணா? நான் மேற்கோளைத்தான் கொடுத்தேன். (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரைத் தொடவில்லை. அதை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012 சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்லிவிட்டது.)

வேகத்தில் ஆல்ட்மெட்ரிக் முந்தும். வெளியான வாரமே எண் ஏறும். மேற்கோள் சேர வருடங்கள் ஆகும். சரி, அது தெரிந்த கதை.

எனக்கு முக்கியம், எண்ணைத் திறந்து சரிபார்க்க முடிகிறதா என்பதுதான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் மேற்கோள் எண்ணைத் தட்டினால் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் வரிசையாக வரும். முன்னுரையில் ஐந்தாறு பெயர்களோடு ஒப்புக்குச் சேர்த்திருக்கிறார்களா, இல்லை நோயைப் பரப்பும் கண்ணாடி இறக்கைப் பூச்சியில் நோய்க்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் முறையையே எடுத்தாண்டிருக்கிறார்களா என்பது படித்தால் தெரிந்துவிடும். இரண்டாவது வகையை மட்டும் விண்ணப்பத்தில் விவரமாக எழுதினேன். மேற்கோளிலும் கோளாறு உண்டு. தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொள்ளலாம். மறுத்து எழுதினாலும் எண் கூடும். 1998இல் லான்செட்டில் வந்த வேக்ஃபீல்டின், தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்ட பிறகும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் திறந்து படிப்பவருக்கு அது ஆதரவா மறுப்பா என்பது புரியும்.

ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண்ணைக் காட்டும் வண்ண வளையத்தைத் திறந்தால், எங்கள் கட்டுரைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இதழின் சொந்த எக்ஸ் (முன்பு ட்விட்டர்) பதிவும் சக ஆய்வாளர்களின் மறுபகிர்வும்தான். ஆய்வு பொதுமக்களிடம் சேர்வதைக் காட்டும் என்றுதான் 2010 வாக்கில் இந்த அளவீட்டை முன்வைத்தார்கள். இங்கே விவசாயிகள் பேசிக்கொள்வதோ வாட்ஸ்அப்பில். கட்டுரையிலுள்ள படத்தை மட்டும் வெட்டி, "ஏனுங்ணா, நம்ம மரத்துலயும் கீத்து இப்படித்தானுங் வளைஞ்சிருக்குது" என்று குரல்பதிவோடு அனுப்புகிறார்கள். தனிக் குழு, கட்டுரையின் இணைப்பும் இல்லை. அதனால் எந்தக் கணக்கிலும் ஏறாது. யாருக்காக ஆராய்கிறோமோ அவர்களையே விட்டுவிடும் அளவீட்டை நான் எப்படி நம்புவது?

அரசுக் கொள்கை ஆவணங்களில் வரும் குறிப்புகளையும் ஆல்ட்மெட்ரிக் சேர்க்கிறது. மருத்துவ ஆய்வுகளுக்கு அது உதவலாம். அந்தத் துறையில் எனக்குப் பழக்கம் இல்லை.

வாட்ஸ்அப் பேச்சு எண்ணுக்குள் வராது என்பதால், நோய் முற்றிய மரங்களை எந்தெந்தத் தோப்புகளில் வெட்டி அகற்றினார்கள் என்று தனியாக ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன்.